மடங்காத முகம்

ஓடைமுனைத் துறைமுகத்துக்குப் பின்புறம், கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்குகிற பெட்டி யார்டின் மதிலை ஒட்டிய குடியிருப்பில், அமலி என்றொரு பெண் இருந்தாள். பல் கட்டும் கூடத்தில் ஊரார் வாய்க்குப் பற்கள் செய்வது அவள் பிழைப்பு. வண்டியாகவும் மனிதனாகவும் மாறுகிற ரோபோ பொம்மைகளைச் சேர்ப்பது அவள் கிறுக்கு. பிள்ளை இல்லாத ஏக்கம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் பாவாடை தாவணி காலத்திலேயே அவளுக்கு அந்தக் கிறுக்கு இருந்தது, கல்யாணமாகி வந்தபோது சீர்ச் சாமான்களோடு ஒரு பெட்டி நிறைய லாரிகளும் தீயணைப்பு வண்டிகளும் வந்து இறங்கியதை ஊர் பார்த்தது, ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஓர் ஆள் மடங்கிப் படுத்திருப்பதை அப்போது யாரும் அறிந்திருக்கவில்லை.

கப்பலுக்குப் போகிற ஊர்ப் பையன்கள் விடுப்பில் வரும்போது தாய்க்குச் சேலையும் அமலிக்குப் பொம்மையும் கொண்டுவந்தார்கள். பொம்மை கைக்கு வந்ததும் அவள் அதை மடியில் வைத்து, எந்தத் தகடு எந்தத் தகட்டுக்கு அடியில் போகிறது, எந்த முழங்கால் பின்பக்கம் திரும்பினால் எந்தக் கதவு மூடுகிறது என்று நெடுநேரம் விரலால் தடவித் தடவிக் கண்டுபிடிப்பாள். பிறகு அதைப் பிரித்துப் போட்டுத் தன் விருப்பத்துக்கு மாற்றத் தொடங்குவாள். ஈறு செய்கிற ரோஸ் நிறத் தூளைக் குழைத்துப் புதுக் கைமுட்டிகளும் புது முகங்களும் வார்ப்பாள். தளர்ந்த மூட்டுகளில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி இறுக்குவாள். கூடத்திலிருந்து கொண்டுவந்த சின்னத் துளைக்கருவியால் விளிம்புகளைத் தேய்த்து, இரண்டு முடி வைத்த தூரிகையால் கண் எழுதுவாள். அவள் வீட்டு ரோபோக்களின் வண்ணத்தைக் கீறினால் எல்லாவற்றுக்கும் உள்ளே ஈறு தெரியும்.

அவளுக்கு ஒரு விதி இருந்தது. எந்தப் பொம்மையையும் பலவந்தம் செய்யக் கூடாது. ஒரு மூட்டு நகர மறுத்தால், அதற்கு முந்தைய மூட்டு ஏதோ ஒன்று இன்னும் நகராமல் இருக்கிறது என்று அர்த்தம். அதையும் மீறி முறுக்கினால் பிளாஸ்டிக்கில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு விழும், அந்தக் கோடு விழுந்துவிட்டால் பிறகு எந்த மருந்தும் இல்லை.

ஒரு வெறுப்பும் இருந்தது. பொம்மை வண்டியாக மாறிய பிறகும் ஆளின் கையோ முகமோ ஓரிடத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். சில லாரிகளின் அடியில் குனிந்து பார்த்தால் ஒரு முகம் தலைகீழாக நம்மைப் பார்க்கும். இதை அவள் மிச்சம் என்று சொல்வாள். மிச்சம் இல்லாத வண்டியாக ஆக்க வேண்டும் என்ற ஆசையில் சிலவற்றின் முகத்தைத் துளைக்கருவியால் சீவியிருக்கிறாள். அப்புறம் அவை பார்க்கப் பளிங்குபோல இருக்கும், ஆனால் திரும்பி ஆளாக நிற்காது, நின்றாலும் கழுத்துக்கு மேலே ஒன்றும் இருக்காது. அவற்றை அவள் அலமாரியின் மேல்தட்டில், அண்ணாந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி வைத்திருந்தாள்.

அவள் கணவன் ரெமிஜியூஸ் பெட்டி யார்டில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன், மனைவியின் கிறுக்கை ஒருநாளும் கேலி செய்யாதவன். அவள் தேய்க்கும்போது எதிரே உட்கார்ந்து டார்ச் பிடிப்பான். ஃபோர்க்லிஃப்டுக்குத் திரும்புவது பின்சக்கரம், நீ முன்சக்கரத்தைத் திருப்பி வைத்திருக்கிறாய் என்று எப்போதாவது ஒரு திருத்தம் சொல்வான். அவனுக்கு ஒரே சிநேகிதன், சூசைமணி. பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டுகிற வேலை. இருவரும் ஒன்றாகப் போவார்கள், ஒன்றாக வருவார்கள், ஒருவன் வீட்டு மீன் மற்றவன் வீட்டுச் சட்டியில் கொதிக்கும்.

மழைக்கு முந்தைய ஒரு காலையில், ரெமிஜியூஸ் பின்னால் எடுத்த ஃபோர்க்லிஃப்டுக்கும் ஒரு பெட்டிக்கும் நடுவே சூசைமணி நசுங்கிச் செத்தான். விசாரணை நடந்தது. சூசைமணி நிற்கக் கூடாத இடத்தில் நின்றான், கவனமில்லாமல் இருந்தான் என்று எழுதி மூடினார்கள். கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் ரெமிஜியூஸ் தலையை மட்டும் ஆட்டினான், அந்தத் தலையாட்டலை அவர்கள் தங்களுக்கு வேண்டிய பக்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அடக்கத்துக்குப் போனவன் கல்லறை வாசலோடு திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்தான். குளித்தான், உண்டான், உட்கார்ந்தான். சூசைமணியின் மனைவி கிளாடிஸ் குறுக்குத் தெருவில்தான் இருந்தாள், அந்தத் தெருவை அவன் மறந்தவன்போலச் சுற்றுவழியில் போனான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பூசை முடிந்து வந்து, வாசலில் ஸ்டூலைப் போட்டு அவன் உட்கார்ந்திருந்தபோது, அவன் இடது முழங்காலில் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. உள்ளே சாளை மீனை உரசிக்கொண்டிருந்த அமலிக்கு அது பூட்டு விடுபடுகிற சத்தம் என்று கேட்டவுடனே தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். முழங்கால் பின்பக்கம் மடங்கிக்கொண்டிருந்தது. அவள் அலறவில்லை. விரிய இடம் வேண்டுமே என்று தண்ணீர்க் குடத்தையும் செருப்புகளையும் ஓரமாக எடுத்து வைத்தாள். அடுத்ததாக எது நகர வேண்டும் என்று தெரியாமல் அவன் திணறுவதைப் பார்த்து, இடுப்பைத் திருப்புங்க, அப்பத்தான் தோள் உள்ள போகும் என்று சொன்னாள். அவன் இடுப்பைத் திருப்பினான். தோள்கள் விலாவுக்கு அடியில் வழுக்கிப் போயின, முதுகு இரண்டாகப் பிளந்து எழுந்து கம்பமாக நின்றது, தொடைகள் முன்னே நீண்டு இரண்டு இரும்புக் கரங்களாயின, உள்ளங்கால்கள் சுருண்டு சக்கரங்களாயின. சாளை மீனுக்குக் காகம் வருவதற்குள் வாசலில் ஒரு மஞ்சள் ஃபோர்க்லிஃப்ட் நின்றது.

அண்டை வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். குழாயடிக்குப் போகிற வழியை மறித்து நிற்குமா என்று ஒருத்தி கேட்டாள், எண்ணெய் ஒழுகுமா என்று இன்னொருத்தி கேட்டாள். பங்குச்சாமியார் வந்து, எந்தச் செபம் பொருந்தும் என்று கொஞ்சம் யோசித்து, புது வண்டிகளுக்கான மந்திரிப்பைச் செய்து தீர்த்தம் தெளித்தார். இருக்கைக்கு அடியில், பக்கவாட்டில், கண்மூடிய ரெமிஜியூஸின் முகம் மடங்காமல் அப்படியே இருந்ததைக் கண்டதும் நற்கருணை கொடுக்கலாமா என்றும் யோசித்தார். வாய் மூடியிருக்கிறதே என்று விட்டுவிட்டார். பின்சக்கரத்துக்கு மேலே ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது, கல்யாண மோதிரத்தோடு.

சாயங்காலம் அமலி அவனைப் பிரித்தாள். மடங்கிய வரிசையைத் தலைகீழாகப் போக வேண்டும், அவ்வளவுதான். கம்பத்தை இறக்கி, விலாவைத் தூக்கி, தோள்களை வெளியே எடுத்து, கடைசியாக முழங்காலைத் தட்டினாள். அவன் எழுந்து நின்று, உள்ளே போய் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான். எப்படி இருந்தது என்று அவள் கேட்டதற்கு, ஒண்ணும் இல்லாம இருந்துச்சு என்றான். நெடுநாளைக்குப் பிறகு அன்று குறட்டை விட்டுத் தூங்கினான்.

யார்டின் குத்தகைக்காரர் லிங்கதுரை அண்ணாச்சி மறுநாளே வந்தார். ஓட்டுநரும் வண்டியும் ஒன்றாகவே வருகிற வசதி அவருக்குப் பிடித்திருந்தது. காலையில் அமலி மடித்துவிடுவாள், ரெமிஜியூஸ் தானே உருண்டு வேலைக்குப் போவான், சாயங்காலம் வந்து வாசலில் நிற்பான், அவள் பிரித்துவிடுவாள்.

அதன் பிறகு ஊரில் ஒவ்வொருவராக மடங்கத் தொடங்கினார்கள். கடலில் தம்பியை விட்டுவிட்டுத் தனியாகக் கரையேறிய ஜெரோம் படகு எஞ்சின் ஆனார். மகனை அடித்துக் கையை முறித்த கணக்கு வாத்தியார் தண்ணீர் மோட்டார் ஆனார். மாமியாரைப் பட்டினி போட்டுக் கொன்றதாக ஊர் பேசிய சுயம்புக்கனி மாவரைக்கிற கிரைண்டர் ஆனாள், அவள் அரைத்த மாவு நன்றாகப் பொங்கியது. யார் மடங்குகிறார்கள், யார் மடங்குவதில்லை என்பதில் ஓர் ஒழுங்கு இருந்ததை நாங்கள் எல்லோருமே கண்டுகொண்டோம், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஊர் தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. பேருந்தில் மடங்கி ஏறுகிறவருக்கு டிக்கெட்டா லக்கேஜா என்று நடத்துநர்கள் சண்டை போட்டு, கடைசியில் முகம் தெரிந்தால் டிக்கெட் என்று முடிவுக்கு வந்தார்கள். ரேஷன் கடையில் கைரேகை வைக்க, மோட்டாரிலும் எஞ்சினிலும் துருத்திக்கொண்டிருந்த கை உதவியது. வீட்டார் தள்ளுவண்டியில் வைத்து இழுத்து வந்து, தொங்குகிற விரலைப் பிடித்துக் கருவியில் அழுத்தி அரிசி வாங்கிப் போனார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், குடும்பத்தில் மடங்குகிற வழக்கம் உண்டா என்று நாசூக்காக விசாரித்தார்கள். பூசையில் டீசல் நாற்றம் அடித்தது, சாம்பிராணியைக் கூட்டிப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன என்று கேட்டால், என்ன வேலை என்று சொல்லாமல் என்ன சாமான் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

மடிக்கவும் பிரிக்கவும் எல்லோரும் அமலியிடம்தான் வந்தார்கள். எந்த மூட்டுக்கு முன்னால் எந்த மூட்டு என்பதை அவள் கையால் தொட்டே சொன்னாள், ஒருவரையும் பலவந்தம் செய்யவில்லை, ஒருவரும் அவள் கையில் உடையவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த நாட்களில் அமலி சந்தோஷமாக இருந்தாள். வாழ்நாளெல்லாம் பிளாஸ்டிக்கில் தேடியது அவள் வாசலில் ஆள் உயரத்துக்கு வந்து நின்றது. ரெமிஜியூஸின் தோள் விலாவுக்கு அடியில் இழைவதில் இருந்த அழகைப்போல எந்தப் பொம்மையிலும் அவள் கண்டதில்லை. அவனுக்கு மெழுகு தேய்த்தாள், கம்பத்தின் விளிம்பில் கறுப்புக் கோடு இழுத்தாள், சக்கரத் தட்டுகளுக்கு வெள்ளி வண்ணம் அடித்தாள். படமெடுத்து, கோயம்புத்தூரிலும் கொழும்பிலும் பினாங்கிலும் இருந்த தன் பொம்மைச் சிநேகிதர்களின் குழுவுக்கு அனுப்பினாள். இவ்வளவு சுத்தமான மடிப்பை நாங்கள் பார்த்ததே இல்லை, இது எந்த வருஷத்து வார்ப்பு என்று அவர்கள் கேட்டார்கள். சாயங்காலம் பிரிந்து எழுகிற ரெமிஜியூஸ், சோற்றைப் பார்த்தபடி சோறு தின்று, சுவரைப் பார்த்தபடி படுத்தான். காலையில் அவன் முழங்கால் டிக் என்னும்போதுதான் அவளுக்கு விடிந்ததுபோல இருந்தது. தன் புருஷனைவிட அந்த மஞ்சள் வண்டியைத் தான் அதிகம் பார்க்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் மெழுகைத் தேய்த்தாள்.

யார்டிலோ அந்த முகம் தொந்தரவாக இருந்தது. கொக்கி மாட்டுகிறவர்கள் குனியும்போதெல்லாம் அது தெரிந்தது. சூசைமணி செத்த இடத்தைக் கடக்கும்போது வண்டி தானாக நின்றது, மூடிய கண்களிலிருந்து நீர் வடிந்தது, உருட்டினால்தான் மறுபடி நகர்ந்தது. முகத்தின் மேல் ஒரு சாக்குத்துணியைக் கட்டிப் பார்த்தார்கள், அது நனைந்தது. லிங்கதுரை அண்ணாச்சி அமலியைத் தேடி வந்து, நீ பொம்மைகளுக்குச் செய்வதுதானே, அந்த முகத்தைச் சீவி எடுத்துவிடு, பார்க்கவும் லட்சணமாக இருக்கும், நிற்காமலும் ஓடும் என்றார். அவள் முடியாது என்றாள். அன்று சாயங்காலம் பிரிந்து எழுந்த ரெமிஜியூஸும் அதையே கேட்டான்.

"அமலி, அந்த முகத்த எடுத்துரு."

"எடுத்தா நீங்க திரும்பி வர முடியாது."

"வந்து என்ன செய்ய?"

அவள் சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"மத்ததெல்லாம் மடங்கிருது," என்றான் அவன். "அது ஒண்ணுதான் கேட்டுக்கிட்டே கெடக்கு."

என்ன கேட்டுக்கொண்டே கிடக்கிறது என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் அவன் வேலை முடிந்து வந்து வாசலில் நின்றபோது முழங்கால் பிரியவில்லை. முந்தைய மூட்டைத் தேடினாள், அதற்கு முந்தையதைத் தேடினாள், கம்பத்திலிருந்து சக்கரம் வரை விரலால் தடவினாள். ஒன்றும் தடுக்கவில்லை; உள்ளிருந்து அவன்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் பலவந்தம் செய்யவில்லை. அந்த வாரம் போயிற்று, அந்த மாதமும் போயிற்று. வாசலில் தார்ப்பாய் போட்டு மூடினாள். படுக்கைப் பாயில் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. வண்டியைத் துடைக்கிற ஆசை அவளுக்கு விட்டுப்போயிற்று. அலமாரியைத் திறந்தால் ஒவ்வொரு பொம்மையின் வயிற்றுக்குள்ளிருந்தும் ஒருவன் மூச்சை அடக்கிக் கிடப்பதாகத் தோன்றியதால் அலமாரியையும் பூட்டினாள். ரெமிஜியூஸ் அப்படிக் கிடப்பதைவிட, கேட்ட அந்த ஒன்றைச் செய்து கொடுத்துவிடுவதே இரக்கம் என்று நாளடைவில் அவளுக்குத் தோன்றத் தொடங்கியது.

அதனால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தெரு உண்டு படுத்திருந்த வெயிலில், அவள் துளைக்கருவியை நீள வயரோடு வாசலுக்குக் கொண்டுவந்தாள். தார்ப்பாயை விலக்கி, தரையில் மல்லாந்து படுத்து, இருக்கைக்கு அடியில் தலையை நுழைத்தாள். முகம் அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, தாடி வளர்ந்திருந்தது. காது மடலின் ஓரத்தில் கருவியை வைத்தாள். மஞ்சள் தூள் விழும், அல்லது இரும்புத் தூள் விழும் என்று நினைத்திருந்தாள். விழுந்தது ரோஸ் நிறத் தூள், வெதுவெதுப்பாக, அவள் கழுத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போது அந்தக் கண் திறந்தது. அதில் கோபம் இல்லை, வலியும் தெரியவில்லை. சவரக்கடை நாற்காலியில் உட்கார்ந்தவன், சீக்கிரம் முடி என்று பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது. அவள் கருவியை நிறுத்தினாள். அங்கேயே படுத்துக் கிடந்தாள்.

வண்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்கள் வந்து நின்றன. கிளாடிஸ்.

கிளாடிஸ் அதற்கு முன்பே பலநாள் யார்டு வாசலில் வந்து நின்றிருக்கிறாள். வண்டி வெளியே வரும்போது குறுக்கே நிற்பாள், வண்டி அவளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஊரில் நாங்கள் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொள்வோம். அமலி எழுந்து உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யக்கா, அண்ணன மனுஷனா நிறுத்துங்க," என்றாள் கிளாடிஸ். "எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

பிரிக்க முடியவில்லை, அவரே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார், முறுக்கினால் உடைந்துபோவார் என்று அமலி சொன்னாள். கிளாடிஸ் நின்ற இடத்திலேயே நின்று, பக்கத்துப் பெட்டியில் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த ஒருவன் அன்று சூசைமணி சத்தம் போட்டது காதில் விழுந்ததாகத் தன்னிடம் சொன்னதையும், பிறகு பயந்துபோய் இல்லை என்று சொல்லிவிட்டதையும் சொன்னாள். தன் புருஷன் கவனமில்லாமல் செத்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அப்படித்தான் மகளுக்குச் சொல்லி வளர்க்க வேண்டும், அது உண்மைதானா என்று தெரிந்த ஆள் உலகத்தில் ஒரே ஒருவர், அவர் இதோ இங்கே இரும்பாகக் கிடக்கிறார் என்றாள். அழவில்லை.

"ஒங்க புருஷன் ஒடஞ்சிருவாருன்னு நீங்க பயப்படுதீக," என்றாள். "ஏம் புருஷன நான் சாக்குல கட்டி வாங்கினேன்."

அமலி வண்டியைப் பார்த்தாள். தன் விதியை நினைத்தாள். பிறகு குடத்தையும் ஸ்டூலையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் கம்பத்தைப் பிடித்து, கால்களைத் தரையில் ஊன்றி முறுக்கினாள். அது மறுத்தது. அவள் விடவில்லை. கிளாடிஸும் வந்து மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை பேசாமல், மூச்சு மட்டும் இரைக்க, அந்த மஞ்சள் வண்டியைப் பிரித்தார்கள். விலா கிறீச்சிட்டது. வலது தோள் வெளியே வரும்போது ஒரு வெள்ளைக் கோடு கழுத்திலிருந்து கைமூட்டு வரை மெல்ல ஓடியதை அமலி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இழுத்தாள். கோடு ஓடி முடிந்த இடத்தில் ஏதோ ஒன்று முறிந்தது. ரெமிஜியூஸ் வாசலில் மனிதனாகக் கிடந்தான், வலது கை அவனோடு சேராததுபோலப் பக்கத்தில் கிடந்தது, காதோரம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அமலி அவனைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். கிளாடிஸ் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அவிய சத்தம் கொடுத்தாகளா?"

அவன் தலையை ஆட்டினான்.

"தலைய ஆட்டாதீக. வாயால சொல்லுங்க."

"கொடுத்தான்," என்றான் ரெமிஜியூஸ். "எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். கேட்டுச்சு."

பிறகு, வாயில் துரு படிந்தவன்போல, ஒவ்வொன்றாகச் சொன்னான். பின்னால் எடுக்கும்போது ஒலிக்க வேண்டிய மணி நெடுநாளாகச் செத்துக்கிடந்தது, அதை அண்ணாச்சியிடம் சொல்லிச் சொல்லி இருவருமே விட்டுவிட்டார்கள். அன்று கப்பல் கிளம்புகிற அவசரம், மேஸ்திரி விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. சூசைமணி நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றான்.

"கேட்டும் ஏன் நிறுத்தல?"

"டீ குடிக்கக் கூப்பிடுதான்னு நெனச்சேன்," என்றான். "இந்த ஒரு பெட்டிய வச்சிட்டுப் போலாம்னு நெனச்சேன். ரெண்டாவது வாட்டியும் கூப்பிட்டான்."

நீதான் கொன்றாய் என்றும் கிளாடிஸ் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

"இத விசாரணை ஆபீசுல வந்து சொல்லணும்ண்ணே," என்றாள்.

வெள்ளைக் கோட்டுக்கு மருந்து இல்லை என்பது உண்மைதான். ரெமிஜியூஸின் வலது கை அதன் பிறகு உயரவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, ஆனால் உடைந்திருக்கிறது என்றார். அவனால் மடங்கவும் முடியவில்லை. காலையில் பழக்கத்தில் முழங்கால் டிக் என்னும், இடுப்பு பாதி திரும்பும், தோள் போக வேண்டிய இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அந்த வலியில் அவன் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடப்பான். அமலி அவனை ஒவ்வொரு மூட்டாகத் திருப்பி நேராக்குவாள். இப்படி ஆக்கிவிட்டாயே என்று அவன் ஒருநாள் கேட்டான். ஆமாம் என்றாள்.

லிங்கதுரை அண்ணாச்சி வேறு ஆளைப் பிடித்தார். லேத் பட்டறைக்காரன் ஒருவன் வந்து, மோட்டார்கள், எஞ்சின்கள், கிரைண்டர்கள் எல்லாவற்றிலும் துருத்திக்கொண்டிருந்த முகங்களையும் கைகளையும் சீவிக் கொடுத்தான். அவை முன்னைவிட நன்றாக ஓடின. வீட்டார் சிலர் தடுத்தார்கள், சிலர் தடுக்கவில்லை, சிலருக்கு அது ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது. ரேஷன் கடையில் வைக்க விரல் இல்லாமல் போனதால் அட்டையிலிருந்து பெயர்களை நீக்கினார்கள். ஜெரோமின் வீட்டில் அவர் படத்துக்கு மாலை போட்டார்கள், அவரோ அப்போது கடலில் ஓடிக்கொண்டிருந்தார். பட்டறைக்காரன் வருமுன் தங்கள் ஆளைப் பிரித்துத் தரும்படி அமலியிடம் யாரும் வரவில்லை. ரெமிஜியூஸின் கையை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

விசாரணை அலுவலகத்துக்கு மூவரும் பஸ்ஸில் போனார்கள். அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். ரெமிஜியூஸ் சொன்னதை, மணி செத்துக்கிடந்ததையும், விசிலையும், இரண்டு தடவை கூப்பிட்டதையும், குறுக்கிடாமல் முழுவதும் கேட்டார். பிறகு யார்டின் காகிதங்களை வரவழைத்துப் பார்த்துவிட்டு, ரெமிஜியூஸ் அங்கே ஆள் கணக்கில் இல்லை, வண்டிக் கணக்கில் இருப்பதாகச் சொன்னார். ஒரு வண்டி சொன்னதாக எப்படிப் பதிவு செய்வது, அதற்கு வழியில்லையே என்று வருத்தப்பட்டார். இவர் மனுஷன்தானே, எதிரே உட்கார்ந்திருக்கிறாரே என்று அமலி கேட்டாள். அது தனக்குத் தெரிகிறது என்றார் அதிகாரி, காகிதத்துக்குத் தெரிய வேண்டுமே என்றார். முதலில் ஆள் என்று நிரூபித்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் இதைப் பேசலாம் என்று எழுந்து கைகூப்பினார்.

வெளியே கொளுத்துகிற வெயில். திரும்பும் பஸ் மதில் முனையிலேயே இறக்கிவிட்டுப் போயிற்று. அங்கிருந்து வீடு வரை யார்டு மதிலோரமாகவே நடக்க வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் வண்டிகள் ஓடுகிற சத்தம் விடாமல் கேட்டது. அந்தச் சத்தத்தில் ரெமிஜியூஸின் முழங்கால் டிக் என்றது. இடுப்பு பாதி திரும்பி, தோள் முட்டிக்கொண்டு, அவன் தெருவில் கோணலாக நின்றான், வியர்வை வழிந்தது. அமலி அவன் இடுப்பைப் பிடித்து நேராக்கினாள். முன்னால் போய்க்கொண்டிருந்த கிளாடிஸ் நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கும் போணும்ண்ணே," என்றாள்.

"வாரேன்," என்றான் ரெமிஜியூஸ்.

கிளாடிஸ் மறுபடி நடந்தாள். நடையைக் குறைக்கவில்லை. அவன் ஆடாத கையை ஆடுகிற கையால் பிடித்துக்கொண்டு, அவள் பின்னாலேயே நடந்தான், வெகுநாளாகப் போகாதிருந்த குறுக்குத் தெருவுக்குள்.